இடப்பக்கம் மட்டுமே பழகிய ஸ்டாக் காரைச் சோனோமா தடத்துக்குத் தயார்ப்படுத்திய பதிவு

கலிஃபோர்னியாவின் ரோஸ்வில் நகரில் இருக்கும் ஆல் அமெரிக்கன் ஸ்பீட்வே, மைலில் மூன்றில் ஒரு பங்கே நீளமுள்ள நீள்வட்டத் தடம். வார இறுதிகளில் நான் உதவிக்குப் போகும் சிறு குழுவின் ஸ்டாக் கார் (வெளித்தோற்றத்தில் சாதாரணக் காரைப் போன்ற பந்தயக் கார்) இதுவரை, எப்போதும் இடப்பக்கமே திரும்பும் இத்தகைய தடங்களில் மட்டுமே ஓடியிருக்கிறது. அதே காரையும் அதே ஓட்டுநரையும் அதே மாநிலத்தின் சோனோமா தடத்தில் நடக்கவிருக்கும் கிளப் பந்தயம் ஒன்றுக்குத் தயார்செய்யும் வேலை இப்போது ஏறக்குறைய முடியும் நிலையில் இருக்கிறது. நீள்வட்டத்தில் ஓடும் காரை இரு பக்கமும் திரும்பும் ரோடு கோர்ஸுக்கு மாற்ற நினைப்பவர்களுக்கு உதவும் என்பதால், செய்தவற்றையும் அவற்றின் காரணங்களையும் எழுதி வைக்கிறேன்.

எங்களுடையது பழைய தலைமுறைக் கார். இரும்புக் குழாய்ச் சட்டம், 358 கன அங்குல கார்புரேட்டர் வி8 எஞ்சின், நான்கு கியர்கள், பின்னால் ஒரே தண்டாக இருக்கும் ஆக்சில், அதைப் பிடித்து நிற்கும் இரண்டு நீண்ட கைகள் ஆகியவையே அதன் அமைப்பு. அமெரிக்க ஸ்டாக் கார் பந்தய அமைப்பான நாஸ்காரின் முதன்மைத் தொடரான கப் தொடரில் 2022 முதல் ஓடும் கார்களில் கியர்களை வரிசையாக மட்டுமே மாற்றும் ஐந்து கியர் சீக்வென்ஷியல் கியர்பாக்ஸும், பின்சக்கரங்கள் இரண்டுக்கும் தனித்தனி சஸ்பென்ஷனும் இருப்பதால், கீழே சொல்லப்போகும் தொல்லைகளில் பாதி அவற்றுக்கு இல்லை.

சோனோமா தடம் 1968இல் சியர்ஸ் பாயின்ட் என்ற பெயரில் திறக்கப்பட்டது. நாஸ்கார் கப் பந்தயம் அங்கே 1989இல் தொடங்கியது. முதல் பந்தயத்தை ரிக்கி ரட் வென்றார். முழுத் தடம் 2.52 மைல் நீளமும் 12 வளைவுகளும் கொண்டது. நாஸ்கார் 1998 முதல் பெரும்பாலும் 1.99 மைல் குறுக்கு அமைப்பையே பயன்படுத்தி வருகிறது என்றாலும், எங்கள் பந்தயம் முழு நீளத்தில் நடக்கிறது. தடத்தின் உச்சிக்கும் பள்ளத்துக்கும் இடையே சுமார் 160 அடி உயர வேறுபாடு உண்டு. ஓட்டம் கடிகார முள் சுற்றும் திசையில் இருப்பதால், 7ஆம் வளைவு, கொண்டை ஊசியான 11ஆம் வளைவு போன்ற கடுமையான பிரேக் இடங்கள் வலப்பக்கம் திரும்புபவை. காருக்கு முற்றிலும் புதிய திசை அதுதான்.

வேலை தொடங்குவதற்கு முன் குழுவில் ஒரு விவாதம் நடந்தது. கையிலிருந்த பணத்தை எஞ்சினில் போட்டால் நேர்ப்பகுதிகளில் வேகம் கூடும் என்று ஒரு தரப்பும், பிரேக்கில் போட வேண்டும் என்று மற்றொரு தரப்பும் வாதிட்டன. நான் இரண்டாவது தரப்பு. காரும் ஓட்டுநரும் சேர்ந்து ஏறக்குறைய 1,600 கிலோ எடை வருகிறார்கள். மணிக்கு 210 கி.மீ. வேகத்திலிருந்து 80 கி.மீ.க்கு இறங்கும் ஒவ்வொரு முறையும் சுமார் 2.3 மெகாஜூல் ஆற்றல் வெப்பமாக மாறியாக வேண்டும். ஏழு லிட்டர் தண்ணீரை அறை வெப்பநிலையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோகத் தேவையான வெப்பம் அது. அவ்வளவும் நான்கைந்து விநாடிக்குள், பெரும்பகுதி முன்சக்கர டிஸ்க்குகள் இரண்டின் வழியாக வெளியேற வேண்டும். அடுத்த வளைவில் இதே கதை மீண்டும் நடக்கும். 2000ஆம் ஆண்டு வாட்கின்ஸ் க்ளென் தடத்தில் ஜிம்மி ஜான்சன் ஓட்டிய, நாஸ்காரின் இரண்டாம் நிலைத் தொடரான புஷ் தொடரின் கார் முதல் வளைவுக்குமுன் பிரேக் இழந்து நேராகப் போய் ஃபோம் தடுப்பில் மோதிய காட்சியைப் பார்த்தவர்களுக்கு, பணம் எதில் போக வேண்டும் என்பதில் ஐயம் இருக்காது. விவாதம் அத்தோடு முடிந்தது.

பிரேக்குக்கு வருவதற்கு முன், காரின் இடச்சாய்வை நீக்க வேண்டியிருந்தது. நீள்வட்டக் காரில் எதுவும் நேராக இருக்காது. எடைக்கட்டிகள் இடப்பக்கச் சட்டத்துக்குள் இருக்கும். வலப்பக்கப் பின் டயரின் சுற்றளவு இடப்பக்க டயரைவிட ஓரிரு அங்குலம் கூடுதலாக இருக்கும். வலப்பக்க முன்சக்கரத்தின் தலை உள்நோக்கியும், இடப்பக்க முன்சக்கரத்தின் தலை வெளிநோக்கியும் சாய்ந்திருக்கும். ஸ்டியரிங் அச்சின் முன்பின் சாய்வான காஸ்டர் கோணமும் இரு பக்கமும் வேறாக இருப்பதால், ஸ்டியரிங்கை விட்டால் கார் தானாகவே இடப்பக்கம் போகும். ரோஸ்வில்லில் இவை அனைத்தும் நன்மை. சோனோமாவின் வலப்பக்க வளைவுகளில் இவை ஒவ்வொன்றும் எதிரி.

எடைக்கட்டிகளைச் சட்டத்திலிருந்து உருவி எடுத்து வலப்பக்கத்துக்கு மாற்றினோம். ஓட்டுநர் இடப்பக்கம் உட்காருவதால், அவருடைய எடையை ஈடுகட்டவும் வலப்பக்கத்தில் கொஞ்சம் கூடுதலாகவே வைக்க வேண்டியிருந்தது. பிறகு நான்கு சக்கரங்களையும் நான்கு தராசுகளின் மேல் ஏற்றினோம். இந்த வேலையில் அவசரப்படுவதில் பயனில்லை. தராசுகள் நான்கும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்று முதலில் பார்க்க வேண்டும். டயர்க் காற்று ஓடும்போது இருக்கும் அளவில் இருக்க வேண்டும். வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் ஆன்ட்டி ரோல் பாரின் ஒரு முனையைக் கழற்றிவிட வேண்டும். ஓட்டுநரின் எடைக்கு மணல் மூட்டைகளை இருக்கையில் வைத்து, காரை நான்கு மூலையிலும் அழுத்தி அசைத்துவிட்ட பிறகே எண்ணைப் படிக்க வேண்டும். வலப்பக்க முன்சக்கரமும் இடப்பக்கப் பின்சக்கரமும் சேர்ந்து தாங்கும் எடை மொத்தத்தில் சரிபாதியாக வரும்வரை ஸ்பிரிங் மேலுள்ள திருகுகளை மாற்றி மாற்றித் திருகினோம். ஒரு மூலையைத் திருகினால் மற்ற மூன்று மூலைகளின் எண்களும் நகரும் என்பதால், சிறுகச் சிறுகத் திருகுவதே வேகமான வழி.

சக்கரத்தின் பக்கவாட்டுச் சாய்வான கேம்பரை இரு பக்கமும் ஒரேபோல் உள்நோக்கி 3 பாகை என்று வைத்துத் தொடங்கினோம். சட்டத்துக்கும் மேல்கைக்கும் நடுவே இருக்கும் ஷிம் தகடுகளை மாற்றுவதுதான் வேலை. காஸ்டரையும் சமமாக்கினோம். ஆனால் அதிக நேரம் பிடித்தது பம்ப் ஸ்டியர் சோதனை. சக்கரம் மேலும் கீழும் ஏறி இறங்கும்போது, ஓட்டுநர் ஸ்டியரிங்கைத் தொடாமலேயே அது எவ்வளவு திரும்பிக்கொள்கிறது என்று பார்ப்பது அது. ஸ்பிரிங்கைக் கழற்றி, சக்கரம் பொருந்தும் ஹப்பில் தட்டையான தகடு ஒன்றைப் பொருத்தி, அதன் முன்முனையிலும் பின்முனையிலும் டயல் கேஜ் வைத்து, ஜாக்கியால் சக்கர மையத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தியபடி இரு கேஜ்களின் வேறுபாட்டைக் குறித்துக்கொண்டே போக வேண்டும். வலப்பக்கம் ஏற்கெனவே நன்றாக இருந்தது, ஏனெனில் நீள்வட்டத்தில் அமுங்குவது அந்த மூலைதான். இடப்பக்கத்தில், சக்கரம் மேலேறும் பகுதியில் ஊசி நன்றாகவே ஓடியது. சக்கரத்தை ஸ்டியரிங்கோடு இணைக்கும் டை ராட் முனைக்கு அடியில் இருந்த வாஷர்களை மாற்றி அதைக் குறைத்தோம். சோனோமாவின் வலப்பக்க வளைவுகளில் அமுங்கப்போவது இந்த இடப்பக்க மூலை என்பதால், இதைப் பார்க்காமல் போயிருந்தால் கார் ஏன் நிலைகொள்ளாமல் அலைகிறது என்று தடத்தில் தேடிக்கொண்டிருப்போம்.

பின் ஆக்சிலில் இருந்தது ஸ்பூல், அதாவது இரு சக்கரங்களையும் எப்போதும் ஒன்றாகவே சுழலச் செய்யும் கட்டை. இடப்பக்கம் மட்டும் திரும்பும்போது டயர்களின் சுற்றளவு வேறுபாடு அதைச் சமாளித்துவிடும். இரு பக்கமும் திரும்ப வேண்டுமானால் டயர்கள் சமமாக இருக்க வேண்டும். டயர்கள் சமமானால், ஸ்பூல் காரை எந்தப் பக்கமும் திரும்பவிடாமல் நேராகத் தள்ளும். எனவே டெட்ராய்ட் லாக்கர் பொருத்திய மையப் பகுதியை முழுதாக மாற்றினோம். வளைவில் வெளிச்சக்கரம் கூடுதல் வேகத்தில் சுழல அது இடம்கொடுக்கும். ஆக்சிலரேட்டரை மிதித்ததும் இரண்டையும் பூட்டிவிடும். பூட்டும்போது எழும் 'டக்' என்ற ஓசைக்கு ஓட்டுநர் பழக வேண்டும். முதல் தடவை கேட்பவர்கள் ஏதோ உடைந்துவிட்டது என்றே நினைப்பார்கள்.

அதே மையப் பகுதியோடு இறுதி கியர் விகிதமும், அதாவது பின்சக்கரம் ஒரு முறை சுழல கியர்பாக்ஸிலிருந்து வரும் தண்டு எத்தனை முறை சுழல வேண்டும் என்பதும், மாறியது. ரோஸ்வில்லில் 6.20 விகிதத்தில் ஓடினோம். எங்கள் டயரின் சுற்றளவு சுமார் 2.2 மீட்டர், எஞ்சினுக்கு நாங்கள் வைத்திருக்கும் எல்லை நிமிடத்துக்கு 7,400 சுற்று என்பதால், அந்த விகிதத்தில் நான்காம் கியரில் எட்டக்கூடியது மணிக்கு 157 கி.மீ. மட்டுமே. 4.56 வைத்தால் 214 கி.மீ. வரை கிடைக்கிறது. அதே விகிதத்தில் 11ஆம் வளைவை 65 கி.மீ. வேகத்தில் இரண்டாம் கியரில் கடக்கும்போது எஞ்சின் 3,700 சுற்றுக்கு அருகில் இருக்கும். முதல் கியருக்கு இறங்கினால் இழுவை கூடும், ஆனால் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும் அபாயமும் கூடும். இரண்டாம் கியரே போதும் என்று முடிவுசெய்தோம்.

இனி பிரேக். முன்பக்கத்தில் 32 மி.மீ. தடிமனுள்ள, நடுவே காற்றறைகள் கொண்ட டிஸ்க்குகளைப் போட்டோம். வளைந்த காற்றறைகள் உள்ள டிஸ்க்கில் இடம், வலம் என்ற வேறுபாடு உண்டு; சுழலும் திசைக்கு எதிராகப் பின்னோக்கி வளைந்திருந்தால்தான் அது நடுவிலிருந்து காற்றை உறிஞ்சி விளிம்பு வழியாக வெளியே தள்ளும். பார்வைக்கு இது தலைகீழாகத் தோன்றுவதால் மாற்றிப் பொருத்துபவர்கள் நிறையப் பேர். முன் முகப்பில் திறப்பு வெட்டி, 3 அங்குலக் குழாய்களை ஒவ்வொரு சக்கரத்துக்கும் கொண்டுபோனோம். குழாயின் வாய் டிஸ்க்கின் முகத்தைப் பார்க்கக் கூடாது, அதன் நடுக்கண்ணைப் பார்க்க வேண்டும். முகத்தில் மட்டும் காற்று அடித்தால் ஒரு பக்கம் குளிர்ந்து மறுபக்கம் காய்ந்து டிஸ்க் வளைந்துபோகும்.

பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. சாதாரண டாட் 4 ஆயிலின் குறைந்தபட்சக் கொதிநிலை புதிதாக இருக்கும்போது 230 பாகை செல்சியஸ், ஈரம் ஏறிய பிறகு 155 பாகை. பந்தய ஆயில்களில் புதியதன் கொதிநிலை 300 பாகையைத் தாண்டும். ஆனால் ஈரம் ஏறினால் அதுவும் இறங்கும் என்பதால், எவ்வளவு விலையுயர்ந்த டப்பாவானாலும் திறந்து வைத்த மிச்சத்தை அடுத்த முறைக்கு ஊற்றுவதில்லை என்பது எங்கள் பட்டறையின் விதி. டிஸ்க்கின் வெளிவிளிம்பில் பச்சை, ஆரஞ்சு, சிவப்பு ஆகிய மூன்று வெப்பச் சாயங்களைப் பூசினோம். பச்சை 430 பாகையிலும், ஆரஞ்சு 560 பாகையிலும், சிவப்பு 610 பாகையிலும் நிறம் மாறும். இதைவிட மலிவான, நம்பகமான கருவி எனக்குத் தெரியாது.

முன்பின் பிரேக் விகிதத்தை மாற்றும் குமிழ் ஓட்டுநரின் கைக்கெட்டும் இடத்தில் ஏற்கெனவே இருந்தது. இந்த வகைக் காரில் பின்பக்கம் பிரேக் கூடினால் ஆபத்து இரட்டிப்பாகிறது. பிரேக்கோடு கியரையும் இறக்கும்போது எஞ்சினின் இழுப்பும் பின்சக்கரத்திலேயே விழுவதால், ஆக்சில் முழுவதும் துள்ளத் தொடங்கும். கார் அடியிலிருந்து யாரோ சம்மட்டியால் அடிப்பதைப் போன்ற அதிர்ச்சி அது. துள்ளல் தொடங்கிவிட்டால் பிரேக்கை விடுவதைத் தவிர வேறு வழியில்லை, அதற்குள் வளைவு கடந்துபோயிருக்கும். எனவே முன்பக்கம் அதிகமாக வைத்துத் தொடங்கி, ஓட்டுநர் கேட்டால் மட்டும் பின்னுக்குக் கொடுப்பது என்று தீர்மானித்தோம்.

எரிபொருள் பக்கம் இரண்டு வேலைகள். டேங்கில் பெட்ரோலை உறிஞ்சும் வாய் வலப்பக்கப் பின்மூலையில் இருந்தது. இடப்பக்கம் திரும்பும்போது பெட்ரோல் அங்கேதான் ஒதுங்கும். வலப்பக்கம் திரும்பினால் அந்த வாய் காற்றைத்தான் உறிஞ்சும். டேங்க் நிறைந்திருக்கும்வரை இது தெரியாது, பந்தயத்தின் கடைசிப் பகுதியில்தான் தலைகாட்டும். ஆகவே, பெட்ரோல் உள்ளே வரலாம், வெளியே போக முடியாது என்ற வகையில் கதவுகள் கொண்ட சிறு சேமிப்பறை ஒன்றை டேங்க்குக்குள் பொருத்தி, வாயை அதற்குள் கொண்டுவந்தோம். கார்புரேட்டரில், கடும் பிரேக்கின்போது கிண்ணத்திலிருக்கும் பெட்ரோல் முன்னோக்கிப் பாய்ந்து காற்றுக்குழல் வழியாக உள்ளே சிந்தாமல் இருக்கக் குழலின் உயரத்தைக் கூட்டினோம். எஞ்சின், ஆயிலைத் தனித் தொட்டியில் வைத்துப் பம்ப்பால் சுற்றவிடும் ட்ரை சம்ப் வகை என்பதால் ஆயில் பக்கம் கவலை குறைவு. வலப்பக்க வளைவிலும் ஆயிலை இழுக்கும்படி உறிஞ்சு வாய்களின் இடத்தை மட்டும் சரிபார்த்தோம்.

ஓட்டுநரைத் தயார்ப்படுத்துவது காரைத் தயார்ப்படுத்துவதைவிட நுட்பமான வேலை. அவர் பல ஆண்டுகளாக இடக்காலால் பிரேக் மிதித்தே பழகியவர். நீள்வட்டத்தில் கியர் மாற்றமே இல்லாததால் கிளச்சுக்கு அந்தக் கால் தேவைப்படவில்லை. இங்கே ஒவ்வொரு சுற்றிலும் பல முறை கியரை இறக்க வேண்டும். எங்கள் கியர்பாக்ஸில் இருப்பது பல் மோதிப் பூட்டும் டாக் வகை. ஏற்றும்போது கிளச் இல்லாமலே மாற்றலாம். இறக்கும்போது எஞ்சின் வேகத்தை ஒரு மிதியில் உயர்த்திக் கொடுக்காவிட்டால், பல்லின் விளிம்பு உடைவதோடு பின்சக்கரமும் துள்ளும். இடக்கால் பிரேக்கை வைத்துக்கொண்டே, கிளச் இன்றி, வலக்காலால் எஞ்சினை உயர்த்தி இறக்குவது ஒரு வழி. வலக்காலின் முன்பாதத்தால் பிரேக்கையும் அதன் பக்கவாட்டால் ஆக்சிலரேட்டரையும் மிதித்து, இடக்காலைக் கிளச்சுக்கு விடுவது மற்றொரு வழி. 2023இல் சிகாகோ தெருத் தடத்தில் தன் முதல் கப் பந்தயத்திலேயே வென்ற ஷேன் வான் கிஸ்பெர்கன் வலக்காலால் பிரேக் மிதிப்பவர் என்பதால், அதுதான் சரி என்று வாதிடுவோர் உண்டு. அவர் ஆஸ்திரேலியாவில் ஆண்டுக்கணக்கில் அப்படி ஓட்டிப் பழகியவர் என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். பந்தயத்துக்குச் சில வாரம் முன்பு காலை மாற்றச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. எங்கள் ஓட்டுநர் இரண்டையும் முயன்று பார்த்துவிட்டு, இடக்கால் பிரேக்கையே வைத்துக்கொண்டு, 11ஆம் வளைவுக்கு மட்டும் வலக்காலுக்கு மாறுவதாகச் சொன்னார்.

அதற்கேற்ப மிதிகளைச் சரிசெய்தோம். பிரேக் மிதியும் ஆக்சிலரேட்டரும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும் என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் அளக்க வேண்டியது சும்மா இருக்கும் பிரேக் மிதியின் உயரத்தை அல்ல, முழு வலுவோடு மிதித்த நிலையில் அது எங்கே நிற்கிறது என்பதை. ஓட்டுநரைப் பந்தயக் காலணியோடு உட்காரவைத்து, பிரேக்கை அழுத்தி மிதிக்கச் சொல்லி, அந்த நிலையில் மட்டத்தைக் குறித்து, ஆக்சிலரேட்டரில் அலுமினியத் தகடு ஒன்றை இடப்பக்கம் நீட்டிப் பொருத்தினோம். இடக்கால் ஓய்வெடுக்க ஒரு தாங்கியும் வெல்டிங் செய்தோம். அது இல்லாமல் வலப்பக்க வளைவில் உடலை நிறுத்த ஸ்டியரிங்கையே பிடித்துத் தொங்க வேண்டியிருக்கும்.

இருக்கையிலும் இதே சிக்கல்தான். நீள்வட்டத்தில் உடல் வலப்பக்கமே சாய்வதால், வலப்பக்க விலா, தோள், தலைத் தாங்கிகள் அவருடைய உடலுக்கு அச்சாகப் பொருந்தியிருந்தன. இடப்பக்கத்தில் இரண்டு விரல் நுழையும் இடைவெளி. அந்த இடைவெளியை நுரைத் திண்டுகளால் அடைத்து, தொடைக்கும் ஒரு தாங்கி வைத்தோம். தடத்தின் வரிசையை மனத்தில் பதிக்க அவர் ஐரேசிங் சிமுலேட்டரில் சோனோமாவை ஓட்டுகிறார். எந்த வளைவுக்குப் பின் எது என்பதற்கும் பிரேக் அடையாளங்களுக்கும் அது மிக நல்லது. ஆனால் 2ஆம் வளைவின் மேட்டில் ஏறும்போது அப்பால் தடம் தெரியாமல் போவதும், காரின் முன்பக்கம் எடையிழப்பதும் வீட்டு நாற்காலியில் வராது. அதனால் சோதனை ஓட்டத்துக்குப் போனபோது தடத்தை முதலில் காலால் நடந்தே பார்த்தார். 3ஆம் வளைவையொட்டிய உச்சியில் நின்று, தூரத்துத் தூண் ஒன்றைக் குறியாக வைத்துக்கொண்டார்.

சோதனை ஓட்டத்தில் கார் நேராக ஓடியது, துள்ளவில்லை. ஆனால் சாயம் வேறொன்றைச் சொன்னது. முன்பக்க டிஸ்க்குகள் இரண்டிலும் பச்சை முழுதாக மாறியிருந்தது. சிவப்பு இரண்டிலும் அப்படியே இருந்தது. ஆரஞ்சு மட்டும் இடப்பக்கத்தில் மாறியும், வலப்பக்கத்தில் மாறாமலும் இருந்தது. ஒரே காரின் இரு பக்கங்களில் இந்த வேறுபாடு வரக் கூடாது. சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தபோது, இடப்பக்கக் காற்றுக் குழாயின் வளைவில் டயர் தேய்த்துத் தேய்த்துக் குழாய் பாதி நசுங்கியிருந்தது. கொண்டை ஊசியில் ஸ்டியரிங்கை வலக்கோடிவரை திருப்பும்போது இடச்சக்கரத்தின் முன்விளிம்பு உள்ளே வருகிறது. நீள்வட்டத்தில் வால் வழுகும்போது எதிர்த்திருப்பம் கொடுத்தாலும் அவ்வளவு தூரம் எப்போதும் திரும்பியதில்லை. குழாயைச் சட்டத்தின் உட்பக்கமாக மாற்றிக் கிளாம்ப் போட்டு, ஜாக்கியில் தூக்கியும் இறக்கியும் இருபுறமும் கோடிவரை திருப்பிப் பார்த்தாயிற்று. பிரேக் ஹோஸும் அதே வேளையில் சரிபார்க்கப்பட்டது.

ஓட்டுநரின் ஒரே புகார், 7ஆம் வளைவில் முதல் மிதி ஆழமாகப் போகிறது என்பது. வளைவுகளில் ஹப் நெளிவதால் டிஸ்க், தன்னை அழுத்தி உரசும் பேட்டுகளைப் பின்னுக்குத் தள்ளிவிடுகிறது. சக்கர பேரிங்குகளின் ஆட்டத்தைக் குறைத்தோம் என்றாலும் முழுதாகப் போகாது. நேர்ப்பகுதியிலேயே இடக்காலால் பிரேக்கை ஒரு முறை லேசாகத் தட்டி வைத்துக்கொள்வதே இதற்கு வழி, அதை அவர் இப்போது சிமுலேட்டரிலும் செய்து பழகுகிறார்.

மிச்சமிருப்பவை சில. புதிய பேட்டுகளைப் பந்தயத்துக்கு முன்பே சூடேற்றிப் பதப்படுத்த வேண்டும். பிரேக் ஆயிலைக் கிளம்புவதற்கு முந்தைய இரவு முழுதாக மாற்ற வேண்டும். வலப்பக்கக் கண்ணாடி இன்னும் வரவில்லை. நீள்வட்டத்தில் அது தேவைப்படவில்லை, இங்கே இரு பக்கமும் முந்துவார்கள். முதல் பயிற்சி ஓட்டத்துக்குக் காரைக் குறைந்த பெட்ரோலோடுதான் வெளியே அனுப்பப்போகிறோம். டேங்க்குக்குள் வைத்த சேமிப்பறை, பெட்ரோல் வற்றும் நிலையிலும் 10ஆம் வளைவில் எஞ்சினுக்கு ஊட்டுகிறதா என்று அப்போதுதான் தெரியும்.